எஞ்சினை நிறுத்தும் இடம்

படகில் கால் வைப்பதற்கு முன்பே எஞ்சின் கிளீட்டஸுக்குப் பிடிபட்டுவிட்டது. நாலு சிலிண்டர் டீசல், வயசானது, ஆனால் வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றி, ஈரம் தங்கவிடாமல் துடைத்து வைக்கிற ஒரு கை அதற்குப் பின்னால் இருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது. புனித நாட்டுத் திபேரியாவின் படகுத்துறையில் நின்ற மற்ற யாத்ரீகர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், அக்கரை மலைகளைப் பார்த்தார்கள், மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த லில்லிபுஷ்பம் டீச்சர் "ஆண்டவர் நடந்த தண்ணி" என்று சொல்லி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். கிளீட்டஸின் காது மட்டும் படகின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நேபோ மலையிலும் இதே கதைதான். வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் செத்துப்போன இடம் என்று யாத்திரையை நடத்திவந்த பாதர் இக்னேசியுஸ் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் கீழே நிழலில் உறுமிக்கொண்டு நின்ற பேருந்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், டீசல் பீய்ச்சுகிற ஒரு நாசில் சரியில்லையே என்று. குளச்சலில் படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே ஆயுள் பாதி போன மனுஷன் வேறு எதைக் கேட்பான்? இல்லை, அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஜெபத்துக்கு நடுவில் எஞ்சினைக் கேட்கிறவன் ஜெபத்துக்குப் பயப்படுகிறவன். அது அவருக்கே தெரியும்.

"பாத்து வாருங்க, பலகை ஆடுது" என்று முன்னால் ஏறிய பிரிஜித் கையை நீட்டினாள். "எனக்கா சொல்லுத?" என்றார் அவர். வள்ளத்தில் நடை பழகினவனிடம் பலகை ஆடுகிறது என்கிறாள் பெண்டாட்டி. பிரிஜித் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று, பாதர் சற்றுமுன் துறையில் நின்று எல்லாருக்கும் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்ததால். ஏரியின் நடுவில் எஞ்சினை நிறுத்துவோம். அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்லுங்கள், எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். எருசலேமில் திருக்கல்லறைக் கோவிலில் அந்தப் பெயர்களுக்காகத்தான் பூசை வைக்கப்போகிறோம், அங்கே கூட்டம் நெருக்கும், பெயர் சொல்ல விடமாட்டார்கள், அதனால் எல்லாம் இங்கேயே. பாதர் சொல்லி முடித்தபோது பிரிஜித் கிளீட்டஸைப் பார்க்கவில்லை. சொல்லவேண்டியதை அவள் வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லிவிட்டாள். ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் ரெஜினின் பெயரை, ஆறு வருடத்துக்குப் பிறகு, இறந்தவர்களின் பெயர்களோடு அவர் சொல்லவேண்டும். அவர்தான் சொல்லவேண்டும். அவள் சொல்லமாட்டாள்.

படகு துறையை விட்டு விலகியது. துறையில் நிற்கும்போது கிளீட்டஸ் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்திருந்தார். உப்பு இல்லை. இன்னொரு தரம் வைத்தார். இல்லவே இல்லை. "என்ன?" என்று பிரிஜித் கேட்டதற்கு, "உப்பு இல்ல" என்று ஏமாந்த குரலில் சொன்னார். "ஏரியில ஏது உப்பு? பாதரு பஸ்ஸுல வச்சே சொன்னாருல்லா, நல்ல தண்ணின்னு. நீங்க எங்க கேட்டிய!" கலிலேயக் கடல் என்று சிறுவயதிலிருந்து கோவிலில் வாசிக்கக் கேட்டு, உப்புக் கரிக்கிற, இரைகிற, கரையில் நின்றால் மறுகரை தெரியாத ஒன்றையல்லவா அவர் மனதில் வைத்திருந்தார். ஞானோபதேச வகுப்பு முடிந்து வந்த ரெஜின், ஐந்தோ ஆறோ வயசு, மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டான்: "எப்பா, பேதுரு பிடிச்சது சாளையா அயிலையா?" "அயிலதாம் மக்களே." "அவருக்க கடலும் நம்ம கடலு மாதிரியா இருக்கும்?" "மாதிரி என்ன, இதே கடலுதாம். இன்னா, இப்பிடியே நேரா போனா அங்க போயி முட்டும்." பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார். இப்போது பார்த்தால் இந்தப் பக்கமும் கரை, அந்தப் பக்கமும் கரை, கரையில் வாழைத்தோட்டங்கள்கூடத் தெரிகின்றன. இதில் காற்று எழுந்ததற்கா சீடர்கள் அலறினார்கள்? இந்தத் தண்ணீரில் எழுந்த காற்றையா ஆண்டவர் எழுந்து நின்று அதட்டினார்? சரி, அதட்டினார், அடங்கிற்று. அடங்கச் செய்கிறவர் எங்கே வேண்டுமானாலும் அடங்கச் செய்திருக்கலாம். சிறிய தண்ணீருக்கு மட்டும்தான் அவர் வார்த்தை செல்லுமா? கிளீட்டஸ் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆண்டவர் நடந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆண்டவரிடம் கணக்குக் கேட்கிறான் பார், இவன் ஒரு யாத்ரீகன்.

படகோட்டி, தாடிவைத்த தடித்த மனிதர், நம் நாட்டுக் கொடியை ஏற்றித் தேசிய கீதத்தைப் போட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள், அசைகிற படகில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. அது முடிந்ததும் ஏதோ இந்திப் பாட்டு. "ஏ, நமக்கு ஒரு மாதா பாட்டு இல்லியா?" என்று கோட்டாறு வில்பிரட் கத்தினார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பயணம் தொடங்கியதிலிருந்து பேருந்தின் கடைசி இருக்கையில் அவர் சத்தம்தான். பிறகு படகோட்டி பழங்காலத்து வலை ஒன்றை எடுத்து, சீடர்கள் வீசினது இப்படித்தான் என்று வீசிக் காட்டினார். வலை பாதி விரிந்து ஒரு பக்கமாகச் சுருண்டு விழுந்தது. இழுத்தபோது ஒன்றுமில்லை. படகு முழுக்கச் சிரிப்பு. "வலப்பக்கம் போடச் சொல்லுங்க பாதர்!" என்றார் வில்பிரட். "போட்டு, அன்னைக்குச் சீடர்களுக்குக் கெடச்ச மாதிரி நூத்தம்பத்திமூணு மீனு கெடச்சா நீதாம்ல இருந்து செதிலு எடுக்கணும்" என்றார் பாதர். "நம்ம கிளீட்டஸ் அண்ணன்ட்ட குடுங்க, வலை வீசுறது எப்பிடின்னு இந்த ஆளுக்குக் காட்டட்டும்" என்றார் வில்பிரட் விடாமல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளீட்டஸ் கையை ஆட்டி வேண்டாம் என்றார். "நா வலைக்காரன் இல்ல தம்பி, எஞ்சின்காரன்." சொன்னதும் பிரிஜித் பக்கத்தில் லேசாக அசைந்தாள். எஞ்சின்காரன். அந்த வார்த்தைதான் அவளுக்கும் அவருக்கும் நடுவில் இத்தனை வருடமாகப் படுத்துக்கிடக்கிறது.

ஏனென்றால் ரெஜின் போன படகின் எஞ்சினைப் புயலுக்கு முந்தின வாரம் முழுக்கப் பிரித்துப் பூட்டியவர் அவர்தான். மகன் ஓட்டிப் போகிற படகு என்பதால் வேறு யார் கையும் படவிடவில்லை. ரெஜின் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பேனர் சாவி எடுத்துக் கொடுத்தான், கேட்பதற்கு முன்பே சரியான அளவுச் சாவி கையில் வந்து விழும். வேலை முடிந்து ஓடவிட்டபோது இரண்டு பேரும் பேசாமல் நின்று கேட்டார்கள். அப்படி ஒரு சத்தம். "எப்பா, இது நம்ம பெரிய கோயிலு ஆர்மோனியம் மாதிரில்லா இருக்கு" என்றான். அந்த எஞ்சின் நிற்காது. நிற்காத எஞ்சின் இருந்தால் எவ்வளவு பெரிய அலையிலும் படகின் மூக்கை அலைக்கு நேராக வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் கவிழாது. கவிழாத படகு காற்றோடு மேற்கே ஓடியிருக்கும். மேற்கே தீவுகள் இருக்கின்றன, தீவைத் தாண்டினால் மாலத்தீவு, அதையும் தாண்டினால் ஓமன், சோமாலியா, என்னென்னவோ நாடுகள். கூடப் போன சேசடிமையின் உடல் கேரளாவில் கரையேறியதே என்று ஊரில் கேட்டார்கள். ஒரு அலை மேல்தளத்தில் நிற்கிற ஒருவனை வாரிக்கொண்டு போகும், அதனால் படகு போயிற்று என்று ஆகுமா? ஆகாது. அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஊர் கேட்பதை நிறுத்திக்கொண்டது. பதில்கள் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டேயிருந்தன, கேட்க ஆளில்லாத வீட்டில் வானொலி ஓடுவதுபோல.

இங்கே வரும்போது, திருவனந்தபுரத்தில் ஏறி மஸ்கட்டில் மாறிய விமானத்தில் ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். யாத்திரைக் கூட்டத்தில் மற்றவர்கள் செபமாலை சொன்னார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அவர் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். மேகத்துக்குக் கீழே, சுருக்கம் விழுந்த சாம்பல் துணி மாதிரி, அசையாமல் கிடந்தது கடல். இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அலையே இல்லை என்பது அவருக்கு அநியாயமாகத் தோன்றியது. ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்ப்பார், புள்ளி மேகத்தின் துண்டாக இருக்கும். மஸ்கட் விமான நிலையத்தில் தரை துடைக்கிறவன், வண்டி தள்ளுகிறவன், நீலச் சட்டை போட்ட ஒவ்வொரு பையனின் முகத்தையும் பார்த்தார். ஒருவனுக்குப் பின்கழுத்து அப்படியே ரெஜின். வலது காதுக்குப் பின்னால் முடி சுழிவது உட்பட. கிளீட்டஸ் எழுந்து, கைப்பையை அப்படியே போட்டுவிட்டு, அவன் பின்னால் நடந்தார். கூப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பிவிடுவான், திரும்பினால் முடிந்துவிடும், இன்னும் கொஞ்ச தூரம் அந்தக் கழுத்தின் பின்னால் நடந்தால் போதும் என்றிருந்தது. கழிவறை வாசலில் அவனாகவே திரும்பி, வேறு யாரோ பெற்ற பிள்ளை, சலாம் சொல்லிச் சிரித்தான். திரும்பி வந்தபோது பிரிஜித் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யாருன்னு நெனச்சிய?" "ஒண்ணும் இல்ல, வயிறு செரியில்ல." அவள் தலையை ஆட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவளும் பார்த்திருக்கிறாள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அவளும் அந்தக் கழுத்தைப் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறாள். எழாமல் இருப்பதற்கு எவ்வளவு வேண்டும் ஒரு தாய்க்கு.

ஆனால் விடமாட்டேன் என்கிறதே. எது? மனசா, உடம்பா? கடலில் இருந்து வந்ததும் ரெஜின் சத்தமில்லாமல் பின்னால் வந்து பனிக்கட்டியாகக் குளிர்ந்த இரண்டு கையையும் அப்பன் கழுத்தில் வைத்து அழுத்துவான், அவர் துள்ளி எழுந்து கெட்ட வார்த்தை சொல்வார், அவன் உள்ளே ஓடுவான், பிரிஜித் அடுக்களையில் இருந்து "வந்துட்டானா கொள்ளைல போவான்" என்பாள். இப்போதும் சில நேரம் பட்டறையில் குனிந்து வேலை செய்யும்போது கழுத்து தானாகச் சில்லென்று விறைத்துக்கொள்கிறது, எதிர்பார்த்து. மூளைக்குத் தெரிந்தது கழுத்துக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் "எப்பா, வாறேன்" என்று சொல்லிப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுகிற பழக்கம் அவனுக்கு, அதனால் கடைசியாக அவனிடம் என்ன சொன்னோம் என்று யோசித்தால் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வாயெடுத்தபோது லைன் போய்விட்டது. போனபோது இருபத்துநாலு. இப்போது முப்பது. முப்பது வயசு முகத்தை அவரால் வரைய முடியவில்லை, எவ்வளவு முயன்றாலும் அந்த இருபத்துநாலு முகத்தின்மேல் வருடங்கள் ஒட்டாமல் வழுக்கி விழுகின்றன. பெரிய ஆசை எதுவும் இல்லை ஆண்டவரே. அவன் பணக்காரனாகவேண்டாம், அப்பனைப் பார்க்கவேண்டாம். அவனுக்குத் தொப்பை விழுந்திருக்கவேண்டும். முன்நெற்றியில் என்னைப்போல் முடி ஏறியிருக்கவேண்டும். எங்கோ ஒரு ஊரில், தெரியாத பாஷை பேசுகிற ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டு, தொப்பையைச் சொறிந்துகொண்டு அவன் வாசலில் நிற்பதை ஒரே ஒரு தரம், தெருவின் இந்தக் கோடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கூப்பிடக்கூட மாட்டேன்.

இந்த ஆசைதான் அன்றைக்குக் கோவிலில் எழுந்து நின்றது. புயலின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. உபதேசியார் பூசைக்கு முன்னால் கருத்துகளை, யார் யாருக்காக அந்தப் பூசை என்பதை, வாசிப்பது வழக்கம், இறந்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக முதலில், பிறகு உயிரோடு இருப்பவர்களின் உடல்நலத்துக்காக. அந்தப் படகில் போன அத்தனை பேரின் பெயரையும் சேர்த்து வாசிக்கும்போது மூச்சு விடாமல் ரெஜின் பெயரையும் முதல் வரிசையிலேயே வாசித்துவிட்டார், பாவம், அவருக்கு என்ன தெரியும், கிளீட்டஸ் மாதாமாதம் மகன் பெயரை இரண்டாவது வரிசையில் கொடுத்துவருவது. கோவில் நிறைந்த கூட்டத்துக்கு நடுவில் கிளீட்டஸ் எழுந்தார். "எனக்க மவனுக்க பேர எடுத்திருங்க. மாத்தி வாசிங்க." உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து வாசித்தார், ரெஜின் இல்லாமல். சேசடிமையின் விதவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம், ஏக்கம் இருந்தது. பிரிஜித் முழங்காலில் இருந்தவள் தலையை உயர்த்தவேயில்லை. அதன்பிறகும் வருடக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல், அவருக்கு ஒத்தாசையாக, அவன் உயிரோடு இருப்பதாகவே கூடச் சேர்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

போன கல்லறைத் திருநாளன்று அவள் தனியாகக் கிளம்பிப் போனாள். அவர் பின்னால் போய்க் கல்லறைத்தோட்டத்துக் கேட்டருகே நின்று பார்த்தார். எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரிஜித் கையில் ஒரே ஒரு மெழுகுதிரியை எரியவிட்டுப் பிடித்துக்கொண்டு, கல்லறைகளுக்கு இடையில் நடந்துகொண்டேயிருந்தாள். வைக்க இடமில்லை. நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் வைக்கலாம், வேற்றூரில் அடக்கமானவர்களுக்கு அங்கேதான் வைப்பார்கள். ஆனால் அங்கே வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று அவள் முடிவு செய்ததாகிவிடும். மெழுகு உருகிக் கையில் வழிந்தது. கடைசியில் ஊதி அணைத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். கேட்டருகே அவரைப் பார்த்ததும் அவள் சொன்னாள்: "எனக்கு ஒரு எடம் வேணும். வேற ஒண்ணும் கேக்கல." அவர் அவள் கையில் உறைந்திருந்த மெழுகைப் பார்த்தார். "நா வச்சிருக்கலாம். ஆனா கோயில்ல அத்தன ஆளுக முன்னுக்கு நீங்கதான் அவனுக்க பேர எடுத்திய. எடுத்த ஆளுதாம் வைக்கணும். நம்ம ஊருல வச்சு ஒங்களுக்கு வெக்கமா இருந்தா, யாரும் நம்மள அறியாத எடத்துல வச்சு சொல்லுங்க." அவள் இந்த யாத்திரைக்குப் பெயர் கொடுத்தது அதற்கப்புறம்தான்.

யோசித்துப் பார்த்தால் வெட்கம்தானா? அவர் படகுப் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கால்களின் அடியில் எஞ்சின் சீராக அதிர்ந்தது, நல்ல எஞ்சின், நல்ல எஞ்சின். அவன் செத்துவிட்டான் என்று சொன்னால் அந்த எஞ்சின் நின்றது என்று சொன்னதாகும். என் கை பூட்டியது, என் காது சரிபார்த்தது, நடுக்கடலில் அவனைக் கைவிட்டது என்று சொன்னதாகும். அப்படியென்றால் ஆறு வருடமாக நான் பிடித்துக்கொண்டிருப்பது எதை? மகனையா, என் கைவேலையையா? இந்தக் கேள்வி முன்பும் வந்திருக்கிறது, ராத்திரிகளில் அல்ல, பட்டப்பகலில், பட்டறையில் யாராவது "கிளீட்டஸ் அண்ணன் கைவச்சா பின்ன பேச்சில்ல" என்று சொல்லும்போது. அப்போதெல்லாம் அவர் சுத்தியலை எடுத்து எதையாவது தட்டுவார். இங்கே தட்ட ஒன்றும் இல்லை. இல்லை, மகனைத்தான், மகனைத்தான். ஆனால் மகனை மட்டும் என்றால் அந்தச் சேசடிமையின் விதவையிடம் ஒரு தரமாவது போய் உட்கார்ந்திருப்பேனே. அவள் புருஷனும் அதே எஞ்சினை நம்பித்தானே ஏறினான். இன்னொரு பயமும் இருந்தது, சிறுபிள்ளைத்தனமானது, ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது: எங்கோ அவன் உயிரோடு இருந்து, நான் வாயால் சொன்ன நிமிஷத்தில் செத்துப்போய்விட்டால்?

எஞ்சின் நின்றது.

வில்பிரட் பேச்சை நிறுத்தினார். படகு தன்பாட்டுக்குக் கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நின்று, பக்கவாட்டில் மெல்ல ஆடியது. பலகைகளில் தண்ணீர் தட்டுகிற சத்தம், எங்கோ ஒரு பறவை. எல்லாரும் இந்த அமைதிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள், முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. கிளீட்டஸ் மட்டும் எஞ்சின் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். தண்ணீரின் நடுவில் எஞ்சின் இல்லாத அமைதியைப்போலப் பயங்கரம் உலகத்தில் வேறில்லை. பாதர் இக்னேசியுஸ் ஊதா நிறப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டார். "சொல்லுங்க. பயப்படாம சொல்லுங்க" என்றார். லில்லிபுஷ்பம் டீச்சர் முதலில், "எனக்க வீட்டுக்காரரு, ஸ்டீபன் ராஜ்." நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் என்று பாதர் தொடங்க, முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக என்று எல்லாரும் முடித்தார்கள். வில்பிரட், சத்தக்காரர், சத்தமே இல்லாமல், "அப்பா, அம்மா. ரெண்டு பேரும்" என்றார், பெயரைச் சொல்ல முடியவில்லை, பாதரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர்கள் தண்ணீரின்மேல் போய் விழுந்தன. பிரிஜித்தின் முறை. "எனக்க அம்மா, எலிசபெத்" என்றாள். சொல்லிவிட்டு, இன்னொரு பெயர் தாராளமாக உட்காரக்கூடிய அளவுக்கு ஒரு இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியைப் பக்கத்தில் இருந்த கிளீட்டஸ் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டுக் கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

அவர் வாயைத் திறந்தார். ரெ என்கிற எழுத்து நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. "எங்க அப்பா, மிக்கேல் பிச்சை" என்றார். முப்பது வருடத்துக்கு முன் கட்டிலில் கிடந்து நிதானமாகச் செத்துப்போன மனுஷன், எத்தனையோ பூசை வாங்கியாகிவிட்டது. எல்லாரும் அந்த நல்ல கிழவருக்காக ஜெபித்தார்கள். பாதர் காத்திருந்தார். பாதருக்குத் தெரியும், பிரிஜித் சொல்லியிருந்தாள். "வேற யாராவது இருக்காங்களா?" என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார், கண் மட்டும் கிளீட்டஸ்மேல் இருந்தது. கிளீட்டஸ் தன் செருப்பைப் பார்த்தார். தண்ணீர் தட்டியது. பிரிஜித் திரும்பவில்லை, கூப்பிய கையை மெல்லப் பிரித்து மடியில் வைத்தாள். "செரி" என்று பாதர் சிலுவை போட்டு முடித்தார். படகோட்டியைப் பார்த்துத் தலையசைத்தார்.

படகோட்டி சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கிளீட்டஸின் தலை தானாக நிமிர்ந்தது. மறுபடி திருப்பினார். சுற்றியது, இருமியது, பிடிக்கவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது, சுற்றுகிற வேகத்தில் தெரிகிறது. டீசல் இருக்கிறது. சற்றுமுன் வரை மணி மாதிரி ஓடிய எஞ்சின், ஒழுங்கான கை பார்த்துக்கொள்கிற எஞ்சின், காற்று இல்லை, அலை இல்லை, நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை, டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், படகோட்டி யாரிடமோ பேசிக்கொண்டே மூன்றாம் முறை கையைக் கொண்டுபோனார். "எஞ்சின்னா நிக்கும்வே, நம்ம சொன்னபடி கேப்பேன்னு அது எழுதியா குடுத்திருக்கு?" பட்டறைக்கு வந்து கத்துகிற எத்தனை படகுக்காரர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே. ஒரு தரமாவது தன்னிடம் சொல்லிக்கொண்டதில்லை. அந்த இரண்டு சுற்றலுக்கு நடுவில் இருந்த அமைதியில், ஓமன் இல்லாமல், தீவு இல்லாமல், தொப்பை இல்லாமல், முதல்முறையாக அவர் அந்தப் படகைப் பார்த்தார். இருட்டு. மழை சாய்வாக அடிக்கிறது. எஞ்சின் அறையில் ரெஜின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்திருக்கிறான். டீசல் வரும் வழியில் காற்று ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறான், அப்பன் சொல்லிக்கொடுத்தபடி. திறக்கிறான், மூடுகிறான், திருப்புகிறான். மறுபடி. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறான். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அவன்மேலும் தப்பில்லை, எஞ்சின்மேலும் தப்பில்லை, தண்ணீர் வருகிறது.

மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகு குலுங்கி நகர, இந்திப் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. யாரோ கைதட்டினார்கள்.

"பிரிஜித்" என்றார் கிளீட்டஸ். எஞ்சின் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. அவள் காதருகே குனிந்தார். அவள் தலைமுடியில் தேங்காயெண்ணெயும் விடுதியில் கொடுத்த சோப்பின் வாசனையும் இருந்தன. "நம்ம ரெஜின் செத்துட்டாம் பிரிஜித்" என்றார்.

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "என்னது?"

"நம்ம மவன். அவன் செத்துட்டாம்." இந்த முறை கத்தவேண்டியிருந்தது. முன் பெஞ்சில் இருந்த டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். பாதர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மொதல்லயே கேட்டுது" என்றாள் பிரிஜித். இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். ஆறு வருடமாக அழாத முகம், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கோணியது. "இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னொரு தரமும் சொன்னார். அவள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். படகை நிறுத்தச் சொல்லட்டுமா என்று பாதர் கையால் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். யாருக்கும் காத்திராமல் அவளே தொடங்கினாள், பாதர் சொல்லவேண்டிய முதல் பாதியை, தன் வாய்க்கு வந்தபடி: "ஆண்டவரே, எனக்க மவனுக்கு நித்திய இளைப்பாற்றி குடும்." பிறகு நிறுத்தினாள். டீச்சர் வாயெடுத்தபோது, பாதர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

அடுத்த பாதி கிளீட்டஸுடையது. எத்தனையோ வீட்டு வாசலில், எத்தனையோ சவப்பெட்டிகளின் பின்னால் நடந்து, யோசிக்காமல் முணுமுணுத்திருக்கிற அதே ஒரு வரிதான். முடிவில்லாத ஒளி என்று தொடங்கி, அதற்குமேல் போகாமல் நின்றார். பிரிஜித் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவராகவே சொல்லட்டும் என்று இருந்தாள். இறங்கவேண்டிய கப்பர்நாகூமின் கரை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, யாரோ பைகளை எடுக்கத் தொடங்கினார்கள். அவர் மூச்சை இழுத்து முதலிலிருந்து சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, மகனுடைய பெயரையும் நடுவில் வைத்து, சொல்லி முடித்தார்.